முன்சீட்டில் இருந்த சாளைக் கூடை

முத்தையாபுரம் பெருமக்கள் அனைவருக்கும் அறியத் தருவது: எங்கள் மளிகைக்கடையின் வெள்ளைக் காரில், முன்சீட்டில், இனி எக்காலத்திலும் மீன் கூடை ஏற்றப்பட மாட்டாது. மீன்கள் டிக்கியில் பயணம் செய்யும்படி அன்புடன் கேட்டுக்கொள்ளப்படுகின்றன.

இப்படி எழுதிக் கடை வாசலில் ஒட்டச் சொன்னவர் ஜெசிந்தா அக்கா. துறைமுக ரோட்டில் கார் எலக்ட்ரிக்கல் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு மாதம் ஓட்டினேன். போன சனிக்கிழமை காலை நான் பால் வாங்கப் போன இடத்தில், நெஞ்சுவலி வந்து அக்கா போய்விட்டார் என்றார்கள். ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். "ஏலே, விளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்கு" என்றார், தராசைத் துடைத்துக்கொண்டே. நான் அழுததையும் நம்பவில்லை. பொய்யாக அழுது பள்ளிக்கூடத்தில் லீவு வாங்கியவன் அல்லவா நான். மாதா கோயிலில் துக்க மணி அடித்தது. அதைத்தான் நம்பினார்.

துக்க வீட்டில் ஒரு பழைய கார் புரோக்கர் சொன்னார்: "கெட்டிக்காரிதான். ஆனா பிடிவாதம். கொஞ்சம் வளைஞ்சு குடுத்திருந்தா எங்கேயோ போயிருப்பா." ஏர்பேக்கில் கோளாறு என்று விளக்கு எரிகிற கார்களைக் கொண்டுவந்து, விற்கிறவரைக்கும் விளக்கை மட்டும் அணைத்துத் தரச் சொன்னவர் இவர்தான். அக்கா ஒன்றைக்கூட அணைக்கவில்லை. இவரும் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வரவில்லை. இவர் பேச்சுக்கு நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதி, பூட்டிக் கிடக்கும் அக்காவின் ஷட்டரில் ஒட்டுகிறேன். அந்த 'ஆனா'வை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கிழிக்கிறவர்கள் தாராளமாகக் கிழிக்கலாம். இருபது ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன்.

எங்கள் காரிலும் அந்த விளக்கு எரிந்தது. முதலில் போன இடத்தில் ஸ்கேனரை மாட்டி, கோளாறுப் பதிவை மட்டும் அழித்துக் கொடுத்தார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் மறுபடி எரிந்தது. ஜெசிந்தா அக்கா ஸ்கேனரை ஒருதரம் பார்த்துவிட்டு எடுத்து வைத்தார். பேட்டரி வயரைக் கழற்றினார். "கொஞ்ச நேரம் யாரும் கை வைக்காதீங்க, உள்ள கரண்டு மிச்சம் இருக்கும்" என்று ஸ்டூலில் உட்கார்ந்து நிதானமாக டீ குடித்தார். பிறகு முன்சீட்டுக்கு அடியில் தலையை விட்டு, மஞ்சள் பிளக்கைப் பிரித்தார். உள்ளே பச்சைக் களிம்பு. சீட்டை முகர்ந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, இதுல யாரு உக்காருவா?"

"வீட்டுக்காரிதான்."

"அவங்களுக்கு முன்னால சாளை உக்காந்திருக்கு."

"சாளை என்னம்மா, ஆளா?"

"உங்க காருக்கு ஆளுதான். கனம் இருந்தா ஆளுன்னு நினைச்சுக்கிடும். ஆளு இருக்கான்னு பாக்குத சென்சாரு மேலயே உப்புத்தண்ணி வடிஞ்சிருக்கு. அங்கன இருந்து பிளக்குக்கும் இறங்கிட்டு."

"மீனை வச்சது யாரு?"

"ஸ்கேனரு அதைக் காட்டாது அண்ணாச்சி."

வைத்தது நான். மாமா மகன் ஓட்ட, அப்பாவுக்குத் தெரியாமல் தருவைகுளம் போய், பொரித்துத் தின்ன ஒரு கூடை சாளை வாங்கி வந்தோம். பின்சீட்டில் நாங்கள் நாலு பேர். சாளைக்கு முன்சீட்டு மரியாதை. ஊரே பயப்படுகிற ஜெசிந்தா அக்கா கண்ணிலேயே மண்ணைத் தூவிவிட்டேன் என்று வகுப்பில் ஒரு வாரம் ராஜாவாகத் திரிந்தேன்.

"சென்சாரையும் பிளக்கையும் மாத்தணும்" என்றார் அக்கா.

"அதெல்லாம் வேண்டாம்மா. லைட்டை மட்டும் அணைச்சு விடு."

"அணைக்க மாட்டேன்."

"வேற ஆளு அணைப்பான்."

"அணைப்பான். மோதுனா பை விரியுமான்னு அவன்கிட்டயே கேட்டுக்கோங்க."

அப்பா கோபமாகக் காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் காலை, கடையில் கூட்டம் நெரியும் நேரம் பார்த்து அக்கா வந்தார். நூறு கிராம் கடுகு கேட்டார். பிறகு உரக்க, "மதினி, பை விரியுமான்னு தெரியாது. பின்னால உக்காருங்க" என்று அம்மாவிடம் சொன்னார். அடுத்த நாளும் கடுகு. எட்டு நாள், எட்டுப் பொட்டலம். ஒன்பதாம் நாள், "இந்தக் கடுகுக்காரிகிட்ட குடுத்துட்டு வாலே" என்று அப்பா என்னிடம் சாவியை நீட்டினார். வளையாத அக்காவிடம் எங்கள் அப்பாதான் வளைந்தார். அக்கா சென்சாரையும் பிளக்கையும் மாற்றிக் கொடுத்தார். அதனால்தான் இன்று எங்கள் காரில் அந்த விளக்கு, சாவி போட்டதும் எரிந்து, கோளாறு இல்லையென்று தானாக அணைகிறது.

இப்போது மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று காரை எடுக்க என்னோடு வந்த அக்கா, முன்சீட்டு பெல்ட்டை முழுக்க இழுத்து என்னிடம் காட்டினார். கொக்கியில் காய்ந்த செதில்கள்.

"பெல்ட்டு போடலைன்னு காரு சத்தம் போடக்கூடாதுன்னு கூடைக்கு மாட்டியிருக்கு. இந்த மூளை இந்தத் தெருவுல யாருக்குலே இருக்கு?"

நான் வானத்தைப் பார்த்தேன்.

"உங்கம்மா உக்காந்தாலும் இதே சத்தந்தானே வருது. அது கேக்காம இருக்க அப்பா பாட்டைக் கூட்டி வைக்காரு. நீ பின்னால உக்காந்து தாளம் போடுத. கூடைக்கு மாட்டுனவன், அம்மைக்கு ஒருநாளாவது மாட்டிவிட்டியா?"

சாவியை அவர் கையில் திணித்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

ஆகவே பெருமக்களே, நான் ஜெசிந்தா அக்காவை ஏமாற்றவே இல்லை. முதலிலேயே தெரிந்துகொண்டு, கடைசிவரை என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருந்தார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு கேள்விதான். இப்போதெல்லாம் அம்மா ஏறியதும் பின்னாலிருந்து எட்டி பெல்ட்டை மாட்டிவிடுகிறேன். "என்னலே, நான் என்ன சாளைக் கூடையா?" என்று கேட்கிறார்.

அப்பா, இந்த ஷட்டரைத் தாண்டித்தான் நீங்கள் கடைக்குப் போவீர்கள். கொஞ்சம் நின்று படித்துவிடுங்கள். நான் இன்று மாமா வீட்டில் சாப்பிட்டுக்கொள்கிறேன்.