சமையலறை மட்டும் இருட்டு

நம்ப மாட்டீர்கள் என்று தெரியும். நானும் முதலில் நம்பவில்லை. ஆனால் சொன்னவள் என் சித்தி மகள். மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். இல்லாததை இட்டுக்கட்டிச் சொல்ல அவளுக்கு வராது. அதுவும் நடந்தது நடுராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், மத்தியானம் சாப்பிட்ட கை காய்வதற்குள்.

அவள் புருஷனுக்கு நாங்கள் வைத்த பெயர் மகாராஜா. வேலை விட்டு வந்தால் கூடத்தில் சுழல் நாற்காலி, எதிரே டிவி, கையில் அந்த வீடியோ கேம். பாழடைந்த சுரங்க நகரம் ஒன்று. விளக்கேந்திய குட்டி உருவம் மேடைக்கு மேடை தாவித் தாவி வழி தேடும். வரைபடம் முழுக்க இருட்டாக இருக்கும். கால் வைத்த அறை மட்டும் வெளிச்சமாகும். ஆறு வருஷத்தில் அந்தச் சுரங்கத்தில் ஒரு மூலைமுடுக்கு பாக்கி வைக்காத மனுஷன், சொந்த வீட்டுச் சமையலறையை ஒரு நாள் எட்டிப் பார்த்ததில்லை. குடிக்கிற தண்ணீர்கூட நாற்காலிக்கே போக வேண்டும்.

அப்படிப்பட்டவன் செத்துக் கிடந்தது சமையலறை வாசலில்.

அன்று அவள் அடுப்பைப் பார்த்து நின்றிருந்தாள். புகையை இழுக்கும் விசிறி விர்ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் திடும் என்று சத்தம். அந்த நொடியே திரும்பினாள். குப்புறக் கிடந்தான். தொட்டால்... சில்லென்று இருந்தது. மாரடைப்பு, உயிர் போய் ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்றார் டாக்டர்.

"இப்பத்தான் விழுந்தாரு, சத்தம் கேட்டு உடனே திரும்பினேன்" என்று தலையில் அடித்துக்கொண்டு சொன்னாள். யார் கேட்டார்கள்? மாமியார் ஒரே போடாகப் போட்டாள்: "ஒரு மணி நேரம் வாசல்ல கிடந்து கூப்பிட்டிருக்கான் என் புள்ள. இவ காதுல விழாத மாதிரி நின்னிருக்கா!"

ஒரு வருஷமாக அதே பேச்சு. சொந்தபந்தமெல்லாம் அவளைக் கொலைகாரியைப் போலப் பார்த்தது. கூப்பிட்டாரா... நான்தான் கேட்கவில்லையா... கடைசியில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தூக்கம் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேம் பெட்டியை எடுத்துப்போகக் கொழுந்தன் வருவதாகச் சொல்லியிருந்தான். சனியன் தொலையட்டும் என்று, ஓடுகிறதா பார்க்க அவள் டிவியைப் போட்டாள். மணி இரண்டு நாற்பது.

வரைபடம் தானாகத் திறந்தது.

சுரங்கம் இல்லை. நீளமாக ஒரு அறை. ஒட்டினாற்போல் நடை. நடை முடிவில் குளியலறை அளவுக்கு ஒரு கட்டம். அப்புறம் இன்னொரு அறை, தூணுக்காக ஒரு மூலை வெட்டுப்பட்டது. அப்படித் தூண் துருத்திக்கொண்டிருப்பது அவள் படுக்கையறையில்தான்.

அது அவள் வீடு.

எல்லா அறையும் வெளிச்சம். சமையலறை மட்டும் இருட்டு. அந்தப் பயத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்ததாம். "கரெக்டாத்தான் போட்டிருக்கு" என்றாளாம் வாய்விட்டு.

கூடத்தில், நாற்காலி இருக்கும் இடத்தில், ஒரு மண்டையோட்டுக் குறி. என்னவென்று புரியவில்லை. சமையலறை வாசலில் ஒரு குட்டி விளக்கு.

விளக்கு அசைந்தது.

டக்... டக்...

சத்தம் டிவியில் இல்லை. நடையில்.

விளக்கு இருட்டுக்குள் நுழைந்தது. சமையலறை கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமானது. தொட்டி... அலமாரி... அடுப்பு...

விர்ர்ர்...

விசிறி. யாரும் போடாத விசிறி.

"என்னங்க?"

அவள் சமையலறைப் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள்.

"அன்னிக்கு என்னைக் கூப்பிட்டீங்களா?"

விசிறி நின்றது.

அலறியது காலிங் பெல். கொழுந்தன்.

அவன் உள்ளே வந்து பார்த்தபோது திரையில் வெறும் சுரங்கம். "என்ன அண்ணி, முகமெல்லாம் வெளிறிப்போச்சு?" என்றான். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"இதுல மண்டையோடு வந்தா என்ன அர்த்தம்?"

"அதுவா? செத்த இடம் அண்ணி. ஆளு உயிர் எங்க போச்சோ அங்க விழும். விளக்குதான் இப்ப ஆளு நிக்கிற இடம்."

அவள் நாற்காலியைப் பார்த்தாள். சமையலறை வாசலைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் சொன்ன ஒரு மணி நேரமும் நிஜம். அவள் கேட்ட திடும் சத்தமும் நிஜம். அவன் யாரையும் கூப்பிடவில்லை. நாற்காலியிலேயே செத்திருக்கிறான். ஒரு மணி நேரம் கழித்து... எழுந்து நடந்து வந்திருக்கிறான்.

இதை எந்த வாயால் மாமியாரிடம் சொல்வது? சொன்னால் கொலைகாரிப் பட்டத்தோடு பைத்தியக்காரிப் பட்டமும் சேரும். இன்றுவரை ஏச்சை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறாள்.

"உயிரோட இருந்தப்ப ஒரு நாள் வரலியேக்கா" என்று என் மடியில் விழுந்து அழுதாள். "செத்தப்புறம் எதுக்கு வந்தாரு?"

எனக்கு என்ன தெரியும்? இப்போதெல்லாம் அவள் அந்த விசிறியைப் போடுவதில்லை. புகையில் கண் எரிய எரிய, அடுப்புக்குப் பக்கவாட்டில் திரும்பி, வாசலைப் பார்த்தபடியே நின்று சமைக்கிறாள்.