கழிவு அண்ணன்

“அதை வெயில்ல போடாதப்பா, எழுத்தெல்லாம் பறந்துடும்” என்றபடி, பக்கத்து வண்டியின் ஜன்னல் வழியே கையை விட்டு டேஷ்போர்டில் கிடக்கும் பெட்ரோல் பில்லை எடுத்துவிடுவார். எழுத்துப் பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்து, அந்த டிரைவரின் சட்டைப் பையிலேயே செருகியும் விடுவார். யாரும் கோபித்துக்கொண்டதில்லை. விமான நிலையத்துக்குப் பின்னால் ஒரு தார் மைதானம். போனில் சவாரி விழும்வரை வாடகைக் கார்கள் வரிசையாகக் காத்துக்கிடக்கும் இடம். அங்கே அவரைத் தெரியாதவர் கிடையாது.

வருமான வரிப் படிவத்தில் எந்தச் செலவைக் கழித்துக்கொள்ளலாம், எதைக் கழிக்கக் கூடாது என்று காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்ததால் ‘கழிவு அண்ணன்’ என்று பெயர் விழுந்துவிட்டது. ஒருமுறை யாரோ வீட்டுக்குப் போன் போட்டு “கழிவு அண்ணன் இருக்காரா” என்று கேட்க, சாக்கடை அடைப்பு எடுக்கிற ஆளைத் தேடுகிறார்கள் என்று நினைத்த அவர் மனைவி, ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டாள். இந்தக் கதையை அவரே பத்துப் பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். பெயர் அவருக்குப் பிடித்திருந்தது.

வண்டி கழுவிய செலவு கழியும். பயணிகளுக்கு வைக்கும் தண்ணீர் பாட்டில் கழியும். போன் கட்டணத்தில் தொழிலுக்கான பங்கு கழியும். மதியச் சாப்பாடு கழியாது. “சக்கரம் சவாரிக்குச் சுத்தினா தொழில், கடைக்குச் சுத்தினா குடும்பம்” என்பார். மனைவியை மூட்டு வலிக்காக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாலும், அவள் இறங்கிக் கதவைச் சாத்துவதற்குள் நோட்டை எடுத்து ‘குடும்பம், ஆறு கிலோமீட்டர்’ என்று எழுதிவிடுவார்.

கார் ஓட்ட வருவதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் ஓர் அட்டைப்பெட்டி ஆலையில் கிடங்குப் பொறுப்பாளர். அவர் கையெழுத்துப் போடாமல் ஓர் அட்டைகூட வெளியே போகாது. ஆலையை மூடியபின் கார் வாங்கினார். காரில் ஏறுகிறவர்களுக்கு அவருடைய பிடரி மட்டும்தான் தெரிந்தது. மைதானத்தில்தான் மறுபடியும் நாலு பேர் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். “அண்ணே, டயர் மாத்தினேன், கழியுமா?” என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்லமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்ட பிறகுதான் சொல்வார்.

மைதானத்துக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. தன் கணக்கை அவர் ஒருநாளும் தானே எழுதியதில்லை. கணக்கு அலுவலகம் ஒன்றில் வேலை பார்க்கும் சகலைதான் எழுதித் தருவார். வருஷத்துக்கு ஒருமுறை பில் கட்டைத் தூக்கிக்கொண்டு சகலை வீட்டுச் சமையலறை மேஜைக்குப் போவார். சகலை கணினியில் தட்டத் தட்ட, வாய்க்குள் முனகுவதைக் காதில் வாங்கிக்கொள்வார். காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார். “நீங்க பில்லை மட்டும் கொண்டாங்கண்ணே, மிச்சம் உங்களுக்கு எதுக்கு?” என்பார் சகலை. அந்த மேஜையில் பொறுக்கியதைத்தான் இவர் மைதானத்தில் பரிமாறிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் சேர்ந்த பெண் டிரைவர் ஒருத்தி. முன்னால் துணிக்கடையில் பில் போட்டவள். முத்து முத்தான கையெழுத்து. இவர் சொன்னதையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டு, ஒரு வரி பிசகாமல் படிவத்தை நிரப்பினாள். மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், பிளாஸ்டிக் உறையில் போட்ட கடிதம் ஒன்றை அவர் ஜன்னலில் நீட்டினாள். வரி அலுவலகத்திலிருந்து வந்தது. கூடுதல் வரியும் அபராதமும் விதிக்கப் போகிறோம், நேரில் வந்து விளக்கம் சொல்லவும் என்று இருந்தது.

“நீங்க சரியாத்தான் சொல்லியிருப்பீங்க. நான்தான் தப்பாக் காதுல வாங்கிட்டேன் போல, அண்ணே” என்றாள்.

கடிதத்தைப் படித்தார். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழிக்கலாம். அல்லது பெட்ரோல், பழுது என்று ஆன செலவைக் கழிக்கலாம். இரண்டில் ஒன்றுதான் என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது. சகலை ஒரு வருஷம் கிலோமீட்டர் என்றதும் மறு வருஷம் பெட்ரோல் என்றதும் இவர் மனசில் ஒன்றாகக் கலந்துபோய், “ரெண்டையும் போடுங்க, ரெண்டும் நம்ம உரிமை” என்று முழங்கியது அவருக்கே கேட்டது.

“எழுதும்போது கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்மா” என்றார்.

வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று அவருக்கே விளங்கவில்லை. அவள் தலையாட்டிவிட்டு, “மன்னிச்சுக்குங்கண்ணே, உங்க பேரைக் கெடுத்துட்டேன்” என்றாள். அந்த நேரம் பார்த்துப் போனில் சவாரி விழுந்தது. பிழைத்தோம் என்று வண்டியைக் கிளப்பியவர், ஆயிரம் தடவை போன பாதையில் இரண்டு திருப்பத்தைத் தவறவிட்டார். பின்னால் இருந்தவர் ஊருக்குப் புதுசா என்று கேட்டார்.

அன்று மாலையே சகலை வீட்டுக்குப் போய், ரெண்டையும் சேர்த்துப் போடலாமா என்று பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார். சகலை சிரித்தார். கிலோமீட்டர் கணக்குக்குள்ளேயே பெட்ரோலும் அடக்கம், மேலே பெட்ரோலையும் போட்டால் ஒரே டிக்கெட்டில் ரெண்டு தடவை பஸ் ஏறியதுபோல என்றார். எந்த முட்டாள் அப்படி எழுதினான் என்றும் கேட்டார். “ஒரு பையன்… தெரிஞ்ச பையன்” என்றார் இவர். பச்சைப் பொய். அந்தப் பெண்ணைப் பையனாக்கி, முட்டாள் பட்டத்தையும் அவள் தலையிலேயே கட்டியாயிற்று.

அதற்கப்புறம் ஐந்து நாள் மைதானத்தின் கடைசியில், கழிப்பறைச் சுவரை ஒட்டி வண்டியைப் போட்டார். யாராவது பில்லோடு வந்தால் போன் பேசுவதுபோல் காதில் வைத்துக்கொண்டார். வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி என்னவென்று கேட்டதற்கு வண்டி சரியில்லை என்றார்.

ஆறாம் நாள் அந்தப் பெண் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு நடந்தே போனார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவள் கையிலிருந்த துணியைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“நீ சரியாத்தாம்மா கேட்டே. நான்தான் தப்பாச் சொன்னேன். என் கணக்கையே எனக்கு எழுதத் தெரியாது. சகலைதான் எழுதித் தர்றாரு.”

அவள் துடைப்பதை நிறுத்தவில்லை. ஒரு பக்கம் முழுக்க முடித்துவிட்டு, “அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?” என்றாள். ‘அண்ணே’ இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. அடுத்த பக்கத்துக்கு நகர்ந்தபடி, “வேற யாருக்கெல்லாம் இப்படிச் சொன்னீங்க?” என்றும் கேட்டாள்.

ஏழு பேர். ஒவ்வொரு வண்டியாகப் போய்க் கதவருகே நின்று சொன்னார். இரண்டு பேர் தோளில் தட்டினார்கள். தாடிக்காரர் ஒருவர் வாய்க்கு வந்தபடி ஏசினார். ஒருவன் வேண்டுமென்றே உரக்க, “அப்ப இனிமே வெறும் கழிவுதான், அண்ணன் கிடையாது” என்றான். மைதானமே சிரித்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை. சகலையிடம் உள்ளது உள்ளபடி சொல்லி, ஏழு பேருக்கும் திருத்தப் படிவம் எழுதி வாங்கித் தந்தார். சகலை முழுவதையும் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எழுதியதுதான் பெரிய அவமானமாக இருந்தது.

அந்தப் பெண்ணுக்கு மட்டும் கடிதம் வந்துவிட்டதால் இனித் திருத்த வழியில்லை. நேரில் போய்த்தான் ஆகவேண்டும். கூட வருகிறேன் என்றவரை வேண்டாம் என்றாள். அவளிடம் சொல்லாமல் வரி அலுவலகத்துக்குப் போய், அவளுக்குப் பின்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார்.

மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தாள்களைப் புரட்டினார். எழுத்து இவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது, கணக்கு மட்டும் ஏன் இப்படி, யார் இப்படி எழுதச் சொன்னது என்று கேட்டார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. “தெரிஞ்சவங்க ஒருத்தர்” என்றாள்.

பின்வரிசையில் அவர் எழுந்து, வகுப்பில் நிற்கும் பிள்ளைபோல் வலது கையை உயர்த்தினார். அதிகாரி இன்னும் தாளிலிருந்து நிமிரவில்லை. கையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.