தேள்கடிக் கட்டுரையின் கடைசி வரி

பொன்னமராவதியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வுபெற்றபின் இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதத் தொடங்கினேன். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன் நான். முதல் கட்டுரை தேள்கடி பற்றி. எழுத எழுத, கல்லுடைக்கப் போய்க் கடிபட்டு வந்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். ஒருவர் தேளையும் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தார். அந்த நினைப்பில், கட்டுரையின் கடைசியில் "பயப்படாதீங்க, மூணு நாள் கழிச்சு வந்து காட்டுங்க" என்று எழுதிவிட்டேன்.

மறுநாள், ஆதாரம் இல்லையென்று கட்டுரையை நீக்கப்போவதாக அறிவிப்பு! முகம் தெரியாத தொகுப்பாளர் ஒருவர், "ஐயா, எங்க வந்து காட்டணும்?" என்று கேட்டிருந்தார்.

என் மனைவி சிரித்துவிட்டாள். "இங்கிட்டே வரச் சொல்லுங்க. நீங்க ஊசி போடுங்க, நான் காப்பி போடுறேன்."

அந்த வரியை எடுத்துவிட்டு, ஆதாரங்கள் சேர்த்தேன். சாயங்காலம் அறிவிப்பைக் காணோம். கட்டுரை தப்பிவிட்டது! தெருவில் போனவர்களையெல்லாம் கூப்பிட்டு போனைக் காட்டினேன்.