அடுப்பு வைத்த கேரவன்

என் அண்ணனுக்குக் கடல் பிடிக்காது. கடலுக்குப் போய்வந்தேன் என்று நாலு பேரிடம் சொல்லத்தான் பிடிக்கும். அவனோடு வேலை செய்யும் ஒருவர் செராத்திங் கடற்கரையில் அலைச்சறுக்குப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்ற படத்தைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த ஆள் உண்மையிலேயே சறுக்கினாரா, இல்லை யாரிடமோ பலகையை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டாரா என்றுகூட இவன் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே செமோரில் இருக்கும் தன் வீட்டுக்கு எங்களை வரச் சொன்னான்.

"குடும்பத்தோட போறோம். சர்ஃபிங். நான் முடிவு பண்ணிட்டேன் லா," என்றான்.

எங்கள் குடும்பத்தில் நீச்சல் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. குளிக்கும்போது மூக்கில் தண்ணீர் ஏறினாலே அண்ணன் பக்கத்து வீடு வரைக்கும் கேட்க இருமுவான். சுடிதார் போட்டுக்கொண்டு சறுக்க விடுவார்களா என்று அண்ணி கேட்டாள். அங்கே நெட் கிடைக்குமா என்று என் கணவர் கேட்டார். நான் எதுவும் கேட்கவில்லை. அண்ணன் போடும் திட்டங்கள் எனக்குப் பழக்கம். காளான் வளர்க்கப் போகிறேன் என்று அவன் வாங்கிப் போட்ட பைகள் அவன் வீட்டு வாசலில் இன்னமும் மட்கிக் கிடக்கின்றன. அவற்றில் காளானைத் தவிர எல்லாம் முளைத்திருக்கிறது.

அக்காதான், கொண்டுவந்த வடையைத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டே நிதானமாகச் சொன்னாள். "நான் வாரேன். ஆனா அடுப்புப் பக்கம் போவ மாட்டேன். இப்பவே சொல்லிடுறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் வடையைக் கடித்த வாயோடு நெஞ்சில் கை வைத்தான். "அக்கா, நீ ராணி மாதிரி ஒக்காந்து வா லா. ஒன்ன யாரு சமைக்கச் சொல்லப் போறா?"

அந்த வடையைச் சுட்டது யார் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அக்கா எங்களுக்கெல்லாம் மூத்தவள். ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறாள். பிள்ளைகள் படுக்கையை விட்டு எழுந்திருக்கும் முன்னே இவள் மீகூன் சேமியாவைப் பிரட்டி முடித்திருப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதனால் அவளுக்கு வேலையே இல்லை என்பது எங்கள் குடும்பத்தின் கருத்து. பள்ளி விடுமுறை வந்தால் போதும், யார் வீட்டிலாவது சடங்கு, யாருக்காவது பிறந்தநாள், யாராவது பிள்ளை பெற்றிருப்பாள். "அக்கா சும்மாதானே இருக்கு" என்று அழைத்துப் போய்விடுவார்கள். அவள் திரும்பி வரும்போது விடுமுறையும் முடிந்திருக்கும்.

சின்ன வயதில் நாங்கள் சுங்காய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் இருந்தபோது, ஒருமுறை லாரி பிடித்து எல்லோரையும் கடலுக்கு அழைத்துப் போனார்கள். அண்ணன் அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான். அலை இவனைத் தூக்கியதாம், இவன் அலையை எதிர்த்து நின்றானாம். அக்காவிடம் அந்தக் கதை கிடையாது. பெரிய பெண்ணாகிவிட்டாள் என்று அவளைச் சோற்றுப்பானைக்குக் காவல் வைத்துவிட்டு மற்றவர்கள் தண்ணீரில் இறங்கினார்கள். கரையில் கல் கூட்டி வைத்த அடுப்பின் புகைக்குப் பின்னால்தான் அவள் கடலைப் பார்த்தாள்.

முதல் கூட்டத்தில் ஹோட்டல் என்று பேச்சு. காலைச் சாப்பாட்டோடு அறை. அக்காவின் முகத்தில் ஒரு தெளிவு தெரிந்தது. இரண்டாவது கூட்டத்தில் அது கேரவன் ஆகிவிட்டது. கேரவன் என்றால் சினிமா நடிகர்கள் மேக்கப் போட்டுக்கொள்ளும் வண்டி என்பதுதான் அண்ணனுக்குத் தெரிந்த கேரவன். தானும் அதில் இருந்து இறங்கி வருவதுபோல் ஒரு காட்சி அவன் மனதில் ஓடியிருக்க வேண்டும். பேசும்போதே கறுப்புக் கண்ணாடியை எடுத்துத் துடைத்தான். ஈப்போவில் வண்டி வாடகைக்கு விடும் ஒரு சீனரைப் பிடித்து, எல்லாம் பேசி முடித்துவிட்டுத்தான் எங்களிடம் சொன்னான்.

"உள்ளயே படுக்கை, உள்ளயே தண்டாஸ், உள்ளயே அடுப்பு," என்று கட்டிலையும் கழிப்பறையையும் கைப்பேசியில் தள்ளித் தள்ளிக் காட்டினான்.

அடுப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நான் அக்காவைப் பார்த்தேன். அவள் மிளகாய்ச் சம்பாலைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் கொண்டுவந்திருந்தது நாசி லெமாக், தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு.

அந்த அடுப்பு அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. இருக்கிற அடுப்பை எதற்கு வீணாக விட வேண்டும் என்றாள் அண்ணி. கடைச் சாப்பாடு பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்றாள். அவளுடைய பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம் விட்டதும் சாலையோரத்தில் எண்ணெயில் முக்கியெடுத்த எதையும் தின்னும் பிள்ளைகள். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அடுத்த கூட்டத்தில் அண்ணன் தைப்பூசத்துக்கு விரதம் ஆரம்பிக்கப் போவதாக அறிவித்தான்.

"அந்தப் பக்கம் எல்லாத்துலயும் மீனு போடுவாங்க அக்கா. நான் என்ன செய்யிறது? சாமி காரியம்."

இவன் விரதம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். போன வருஷம் விரத நாட்களில் இவன் கார் நின்றிருந்த கடைகளை என் கணவர் பார்த்திருக்கிறார். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார்கள், அதனால் அவர் வாய் திறக்க மாட்டார். ஆனால் சாமி காரியம் என்று சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் மறுத்துப் பேச முடியாது. மறுத்தால் பாவம் நம் தலையில் விழும். விரதச் சாப்பாட்டைக் கவுச்சி பட்ட பாத்திரத்தில் சமைக்கக் கூடாது. ஆகவே விரதத்துக்கு ஒரு வரிசைப் பாத்திரம், மற்றவர்களுக்கு ஒரு வரிசைப் பாத்திரம். அரிசி, பருப்பு, புளி, அண்ணியின் மிக்சி. ராணி மாதிரி உட்கார்ந்து வர வேண்டியவளுக்கு வண்டியில் உட்கார இடம் குறைந்துகொண்டே வந்தது.

"அக்கா சமைக்க மாட்டேன்னு மொதல்லயே சொல்லிச்சு," என்றேன் நான்.

"சமையலா இது? சும்மா ஒரு ரசம், ஒரு பொரியல். நீ ஏன் சூசா பண்ற? இதுல என்ன கஷ்டம்?" என்றான் அண்ணன். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ரசம் தானாகக் கொதித்து இறங்கும் என்று அவன் நிஜமாகவே நம்புகிறான். ஐம்பது வயதுக்கு மேல் ஆகியும் தன் தட்டில் விழுவது எங்கிருந்து வருகிறது என்று அறியாத ஆணை நான் மனிதர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இதற்கிடையில் அவன் யாரிடமோ பழைய சர்ஃபிங் பலகை ஒன்று வாங்கிவிட்டான். வாசலில் காளான் பைகளைத் தள்ளிவிட்டு, டயர் டியூப் மேல் அந்தப் பலகையைப் போட்டு ஏறி நின்று கைகளை விரித்துப் பழகினான். அண்ணி வீடியோ எடுத்து, 'சர்ஃபிங் குடும்பம்' என்று அவன் ஆரம்பித்திருந்த வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். தொந்தி ஒரு பக்கம் ஆட, இவன் மறுபக்கம் ஆடினான். அந்தக் கடற்கரையில் அலை மழைக்காலத்தில்தான் எழும்பும் என்பது இவனுக்குத் தெரியவே தெரியாது. பள்ளி விடுமுறை தற்செயலாக அந்தப் பருவத்தில் விழுந்தது. பிறகு யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு, எல்லாம் நான் பார்த்துத்தான் வைத்தேன் என்றான்.

கிளம்புவதற்கு முந்தின வாரம் அக்கா என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். கட்டிலுக்கு அடியில் இருந்து ஒரு பையை எடுத்தாள். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கிய நீச்சல் உடை. மலாய்ப் பெண்கள் போட்டுக்கொள்வதுபோல் கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடியது, கருநீலம். அவள் அதைத் தன்மேல் வைத்துக் காட்டினாள்.

"பலகை கிலகை எல்லாம் எனக்கு வேணாம்டி. கழுத்து வரைக்கும் எறங்கணும். ஒரு பெரிய அலை வந்து அப்படியே உருட்டிக் கொண்டுவந்து கரையில போடணும். ஒரு தடவ போதும்."

அக்கா எதையும் வேண்டும் என்று கேட்டு அதுவரை நான் கேட்டதில்லை. உடை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

கிளம்பும் நாள் காலையில் கேரவன் வந்தது. பெரிய வண்டி, வெள்ளை. உயரத்தைப் பார்த்து ஓட்டுங்கள் என்று அந்தச் சீனர் அண்ணனிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். ஓட்டுபவர் கண்ணுக்கு நேராகக் கண்ணாடியில் வண்டியின் உயரத்தை எழுதி ஒட்டியும் வைத்திருந்தார். அவர் தலை மறைந்ததும் அண்ணன் அந்தச் சீட்டின் மேலேயே முருகன் படத்தை ஒட்டி, சந்தனம் குங்குமம் வைத்தான்.

அத்தோடு விட்டானா? புது வண்டிக்குப் பூஜை போடாமல் நெடுந்தூரம் போகக் கூடாதாம். இது வாடகை வண்டி, நான்கு நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டியது என்றேன். "நமக்கு இன்னிக்கிப் புதுசுதானே," என்றான். வழியில் சுங்காயில் திரும்பி, நாங்கள் பிறந்த தோட்டத்துக் கோயிலுக்கு வண்டியை விட்டான். ரப்பரெல்லாம் போய், எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்ட தோட்டம். நாங்கள் குடியிருந்த லயங்களும் இல்லை. மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது, அதன் முன்னால் புதிதாகக் கட்டிய வளைவும் நிற்கிறது.

பூசாரி நல்ல மனிதர். வண்டியை வெளியே நிறுத்துங்கள், அங்கேயே தீபாராதனை காட்டித் தேங்காய் உடைக்கலாம் என்றார்.

"அம்மன் பார்வை நேரா படணும் சாமி," என்று சொல்லிவிட்டு, சக்கரங்களுக்குக் கீழே தானே எலுமிச்சம்பழத்தை வைத்தான் அண்ணன். ஏறி உட்கார்ந்து, முருகனைப் பார்த்துக் கும்பிட்டு, வண்டியை எடுத்தான். எலுமிச்சை நசுங்கியது. வண்டி வளைவுக்குள் பாதி நுழைந்ததும் தலைக்கு மேலே தகரம் கிழியும் சத்தம் கேட்டது. கூரையில் இருந்த ஏர்கான் பெட்டி வளைவின் அடியில் போய்ச் செருகிக்கொண்டது. முன்னாலும் நகரவில்லை, பின்னாலும் நகரவில்லை. அம்மன் பார்வை நேராகப் பட்டது.

அண்ணன் இறங்கி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். வளைவைக் கட்டியவனுக்கு அறிவில்லை என்றான். டயரில் காற்றை இறக்கலாம் என்று என் கணவர் யோசனை சொன்னார், ஆனால் நின்ற இடத்தை விட்டு அவர் நகரவில்லை. அண்ணி பிள்ளைகளை நிழலில் நிறுத்தினாள். பிள்ளைகள் பசி என்றார்கள். சுங்காயில் வொர்க்ஷாப் வைத்திருக்கும் ஆளை அழைத்து வருகிறேன் என்று பூசாரி தன் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போனார்.

அப்போதுதான் அண்ணன், ஏதோ பெரிய வழி கண்டுபிடித்தவன்போல, சொன்னான். "சரி, அவங்க வார வரைக்கும் சும்மா எதுக்கு நிக்கிறது? உள்ள அடுப்பு இருக்கே. அக்கா, அந்த சோத்த மட்டும் ஏத்திடு லா."

அக்கா வண்டிக்குள் ஏறினாள். பாத்திரம் உருளும் சத்தத்துக்காக நாங்கள் காத்திருந்தோம். அவள் தன் பையோடு இறங்கினாள். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மோட்டாரை உதைத்துக் கொண்டிருந்த பூசாரியிடம் போனாள்.

"அண்ணே, என்னை பஸ் நிக்கிற எடத்துல எறக்கி விட்டுடுங்க."

"எங்கக்கா போற?" என்றான் அண்ணன்.

"கடலுக்கு."

"வண்டி இங்கல்ல இருக்கு?"

"வண்டியில ஒங்க அடுப்புதான் இருக்கு," என்று சொல்லிவிட்டு அக்கா பின்னால் ஏறி உட்கார்ந்தாள். செம்பனைகளுக்கு நடுவே அந்தச் சின்ன மோட்டார் போவதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். எனக்குக் கை தட்ட வேண்டும்போல் இருந்தது. அண்ணி, "அப்ப அரிசிய யாரு களையிறது?" என்று கேட்டாள்.

ஒருவரும் களையவில்லை. வொர்க்ஷாப் ஆள் வந்தார், பிறகு அந்தச் சீனர் வந்தார். அவர் பேசியதை இங்கே எழுத வேண்டியதில்லை. அண்ணன் அவரிடம் அம்மன் காப்பாற்றினாள், நெடுஞ்சாலையில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று விளக்கிக்கொண்டிருந்தான். நாங்கள் வேறு கார் பிடித்துச் செமோருக்குத் திரும்பி, ரொட்டி வாங்கித் தின்றோம். எல்லோருக்கும் அக்கா மேல்தான் கோபம். குடும்பம் என்றால் கஷ்டத்தில் கூட இருக்க வேண்டாமா என்றான் அண்ணன். அவனுடைய விரதம் அன்றைக்கே முடிந்துவிட்டது.

மறுநாள் மதியம் குழுவில் அக்கா ஒரு படம் போட்டாள். மழை மூட்டம், சாம்பல் நிறக் கடல், தூரத்தில் பலகை மேல் யாரோ சின்னதாக. கீழே ஓரத்தில் ஈரக் கருநீலச் சட்டைக் கையும், ஒரு தட்டில் பாதி தின்ற சோறும் தெரிந்தன. கூடவே ஒரு குரல் பதிவு. முதலில் அலைச் சத்தம்தான் கேட்டது, வெகு நேரம். பிறகு அவள் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு.

"உருட்டிருச்சுடி. வாயெல்லாம் மண்ணு. இப்பதான் சாப்புடுறேன். வேற யாரோ சமைச்சது. உப்பு கொஞ்சம் கம்மி. நல்லாருக்கு."

நான் அதைத் திரும்பவும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கீழே அண்ணனின் பதில் வந்தது. 'வரும்போது எங்களுக்கும் சோறு பொட்டலம் கட்டி, பொங்குஸ் பண்ணிட்டு வா.'

அக்கா அதைப் படித்துவிட்டாள் என்பதற்கான நீலக் குறி விழுந்தது. அடுத்து வந்ததும் கடலின் படம்தான்.