இரண்டு தாய்க்கும் ஒரே மூக்கு

சுவரில் படம் எழுதிப் பிழைப்பவனிடம் குறை சொல்ல யாருக்கும் தனித் தகுதி தேவையில்லை. கண் இருந்தால் போதும். பிரஷ் பிடித்தவர்களே, உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இடஒதுக்கீட்டுப் போராட்ட வருஷங்களில் கள்ளக்குறிச்சியில் சேகர் அண்ணனின் போர்டு கடையில் இருந்தேன். எனக்கு வரும் பெண் முகம் ஒன்றே ஒன்று, அண்ணன் கட்டம் போட்டுக் கற்றுக்கொடுத்தது. புடவைக் கடைக்கும் அதுதான், வளையல் கடைக்கும் அதுதான். புடவைக் கடைக்காரர் சண்டைக்கு வந்துவிட்டுப் போன அன்று அண்ணன் சொன்னார்: "இன்னொரு புகார் வந்துச்சுன்னா பிரஷ்ஷ கழுவி வச்சிட்டு வூட்டுக்குப் போய்க்கினே இரு."

எதிர்ச் சுவர்

தமிழ் மன்றத்துச் சுவரில் தமிழ்த்தாய் எழுதினேன். அடுத்த வாரம் எதிர்ச் சுவரில், சுதந்திர தின விழாக் குழுவுக்குப் பாரதமாதா. கிரீடத்தை மாற்றினேன், கொடி கொடுத்தேன், சிங்கத்தை உட்கார வைத்தேன். மூக்கை மாற்றவில்லை, மாற்றத் தெரியாது.

மன்றச் செயலாளர் நடுரோட்டில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். மொழிதான் இனம், இனம்தான் நாடு, அந்தப் பக்கம் இருப்பது வெள்ளைக்காரன் கட்டிப்போட்ட மூட்டை என்று ஏணியடியில் பாடம் நடத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்: "எங்க அம்மா எதுக்கு தம்பி எதுத்தாப்புல கொடி புடிச்சிக்கினு நிக்கறாங்க? அந்தப் பக்கத்து மூஞ்சிய மாத்து, இல்லாட்டி சேகர்கிட்ட சொல்லிடுவேன்."

மண்டிக்காரர்

விழாக் குழுத் தலைவர் வெல்ல மண்டிக்காரர். வீட்டில் தெலுங்கு, மண்டியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். நாடு ஒன்றுதான், மொழியெல்லாம் அதில் ஓடும் வாய்க்கால் என்றார். என் தாத்தா சொன்ன கதைகளில் இந்தத் தொல்லையே கிடையாது. ராசாவின் முரசு கேட்கிற வரைக்கும் நாடு, அதற்கப்பால் காடு.

அப்படியானால் இரண்டு பேருக்கும் ஒரே முகம் இருந்தால் என்னங்க என்று மெல்லக் கேட்டேன். என் குரல் ஏணியைத் தாண்டாது என்பார்கள். அன்றைக்குப் பார்த்துத் தாண்டிவிட்டது. மண்டிக்காரர் தமிழ்த்தாயைக் கைகாட்டினார்: "அந்தம்மாதான் அம்மான்னா, வூட்ல தெலுங்கு பேசற நாங்க இன்னா ஒண்ட வந்தவங்களா? அவங்க மூஞ்சிய மாத்துப்பா. சேகர்கிட்ட நானே பேசறேன்."

மறியல்

மறுநாள் இடஒதுக்கீடு கேட்டுக் கச்சிராயபாளையம் ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்டுவிட்டார்கள். கல்வராயன் மலைக்குப் போகிற பஸ் எல்லாம் நின்றது. மறியலுக்கு வந்த பையன்கள் நிழலுக்கு என் ஏணியடியில் உட்கார்ந்தார்கள். எந்தத் தாயின் மூக்கில் கை வைப்பது என்று நான் புலம்பியதைக் கேட்டு ஒருவன் சொன்னான்: "யாரு அம்மாவா இருந்தா எங்களுக்கு இன்னாங்க? பந்தில எங்களுக்கு எப்ப எல போடுவாங்கன்னு கேட்டு, அத கீழ எழுதுங்க."

அண்ணி

மத்தியானம் செயலாளரும் மண்டிக்காரரும் ஒன்றாகவே கடைக்கு வந்துவிட்டார்கள். எதில் ஒற்றுமை பாருங்கள். அண்ணன் என் பிரஷ்களை மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டார். என் கதை முடிந்தது என்று அர்த்தம்.

அப்போது சாப்பாட்டுத் தூக்கோடு அண்ணி உள்ளே வந்தார். இரண்டு பெரியவர்களும் அவர் மூக்கையே பார்த்தார்கள். அண்ணி தூக்கை டக்கென்று வைத்தார். "கல்யாணத்துக்கு முன்னாடி என் மூஞ்சிய எழுதி எழுதித்தான் இவரு கை பழகினாரு, இந்தப் புள்ளைக்கும் அதத்தான் சொல்லிக் குடுத்தாரு. ரெண்டு செவுத்துலயும் வெயில்ல நிக்க வச்சிக்கிறீங்களே, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? இதுவும் புகார்தாங்க. யார வூட்டுக்கு அனுப்பப் போறீங்க?"

நாடு என்று ஒன்று நிஜமாகவே உண்டா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, ஆனால் இரண்டு நாட்டுக்கும் முகம் கொடுத்தவர் அதற்குப் பிறகும் தினம் மத்தியானம் எனக்கும் சேர்த்துத்தான் சோறு கொண்டு வந்தார்.