கடைசிக் கூடை

ஒரு பெண் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமைத் திருடி, என்னுடையது என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினேன். அதனால் அவளுக்கு வரவிருந்த வேலை போயிற்று. அப்போது எனக்கு வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. வாலிபத்தில் புத்தி தடுமாறிவிட்டது என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

கல்பாக்கத்தில் பம்புகளோடும் வால்வுகளோடும் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். குவார்ட்டர்ஸைக் காலி செய்தபின், என்னைப் போன்றவர்கள் சேர்ந்து வாங்கிய அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறேன். அங்கே எல்லோருமே முன்னாள் அதிகாரிகள். அதிகாரம் செய்ய வாட்ச்மேன் ஒருவர்தான் மிச்சம். அவரும் காது கேட்காத மாதிரி நடிக்கப் பழகிவிட்டார். ஆகவே நாங்கள் பேட்மிண்டன் கோர்ட்டில் ஒருவரையொருவர் அதிகாரம் செய்துகொண்டோம். வெயில் ஏறுவதற்கு முன் முதல் ஆட்டம் யாருக்கு என்பதில் தினமும் சண்டை. பெரிய பெரிய இயந்திரங்களை ஓட்டியவர்கள் ஒரு இறகுப்பந்துக்காகப் பேசாமல் இருந்த நாட்கள் உண்டு.

என் மகள் சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறாள். ஒருநாள் போனில், உங்கள் வேலையெல்லாம் வெறும் டைப்பிங்தானே என்று சொல்லிவிட்டேன். அப்படியானால் நீங்கள் ஒன்று டைப் அடித்துக் காட்டுங்கள் என்றாள். அந்த ரோஷத்தில்தான் மாமல்லபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன்.

கீழே கிரானைட் அறுக்கும் கடை, மேலே சென்டர். கீபோர்டில் கை வைத்தால் விரல் நுனியில் வெள்ளைத் தூள் ஒட்டும். கம்ப்யூட்டர்கள் போதாததால் இரண்டு பேருக்கு ஒன்று. எனக்கு வாய்த்த ஜோடி, பக்கத்துக் கடற்கரைக் குப்பத்துக்கு மருமகளாக வந்த பெண். பி.காம். படித்தவள், முப்பது வயது இருக்கும், இரண்டு பிள்ளைகள். கணவன் கடலுக்குப் போகிறவன். மாமியார் மற்றப் பெண்களோடு மீன் கூடை ஏற்றிக்கொண்டு டெம்போவில் செங்கல்பட்டுச் சந்தைக்குப் போகிறவர்.

முதல் நாளே என்னிடம் கேட்டாள்: "இந்த வயசுல இன்னா அங்கிள் இதெல்லாம்? வூட்ல தொரத்திட்டாங்களா?"

அறிவுத் தாகம் என்றேன். "சரி, தண்ணி குடிங்க" என்று பாட்டிலை நீட்டினாள்.

அவள் வந்த காரணம் தெளிவானது. பயிற்சி முடிவில் நன்றாகச் செய்யும் ஒருவரை அதே சென்டரில் லேப் உதவியாளராக எடுத்துக்கொள்வதாக ஆசிரியர் சொல்லியிருந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் வீடு திரும்பலாம் என்கிற வேலை அந்தப் பக்கத்தில் வேறு எதுவும் கிடையாது. வேறு எந்த இடத்துக்கும் அவள் மனுப் போடவில்லை.

புரோகிராம் எழுதுவது சம்பந்தி வீட்டுப் பந்தியில் பரிமாறுவதுபோல. உப்பு எங்கே, ஊறுகாய் எங்கே என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது. கொஞ்சம் நகர்ந்தால் மொத்தக் குடும்பமும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். வரியின் முன்னால் விட வேண்டிய இடைவெளியில் ஒன்று குறைந்தாலும் சிவப்பு எழுத்தில் திட்டு விழும். என் பணிக்காலத்தில் என்னை யாரும் சிவப்பு எழுத்தில் திட்டியதில்லை. நான்தான் பிறர் கோப்புகளில் அப்படி எழுதிக்கொண்டிருந்தேன். அவளுக்கும் அதே திட்டுகள் விழுந்தன. ஆனால் அவள் மானிட்டரைப் பார்த்து, "போடா" என்று சொல்லிவிட்டு மறுபடி எழுதினாள். நான் ஒவ்வொரு தடவையும் கம்ப்யூட்டர் பழுது என்று ஆசிரியரைக் கூப்பிட்டேன்.

கடைசியில் ஆளுக்கொரு புரோகிராம் எழுதி எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்ட வேண்டும். வாழ்க்கையில் உபயோகப்படுவதாக இருக்க வேண்டும். நான் பேட்மிண்டன் கோர்ட்டை எடுத்துக்கொண்டேன்: இன்றைக்கு முதல் ஆட்டம் யாருக்கு என்று முறை வைத்துச் சொல்ல வேண்டும். நான் எழுதியது எந்த நாளைக் கேட்டாலும் என் பெயரையே சொன்னது. வேண்டுமென்று செய்யவில்லை, திருத்தவும் தெரியவில்லை. எங்கள் குடியிருப்பில் காட்டியிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள்.

அவளும் ஒரு முறைவைப்பைத்தான் எடுத்திருந்தாள், மாமியார் போகும் டெம்போவுக்கு. வண்டியில் கடைசியாக ஏற்றும் கூடைதான் சந்தையில் முதலில் இறங்கும். முதலில் இறங்குகிறவளுக்கே வாசலோரம் நல்ல இடம். அதனால் கடைசிக் கூடை தினம் ஒருத்திக்கு என்று முறை. இன்றைக்கு யார் முறை என்பதில்தான் தினமும் கூச்சல். அதில் ஒரு விதிவிலக்கும் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கருமாதி முடியும்வரை அந்த வீட்டுப் பெண் வியாபாரத்துக்குப் போக மாட்டாள். திரும்பி வரும் முதல் நாளில், முறை யாருடையதாக இருந்தாலும், கடைசிக் கூடை அவளுடையது. யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இதை அவள் புரோகிராமில் ஒரு நிபந்தனையாகச் சேர்த்திருந்தாள். அந்தப் பெண்களும் அவள் செல்போனில் பார்த்துச் சொல்லும் முறைப்படியே கூடை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். அதில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

ஒருநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவள் வரவில்லை. எங்கள் பொதுக் கம்ப்யூட்டரில் அவள் ஃபைல் இருந்தது. அதைப் பென் டிரைவில் ஏற்றினேன். வீட்டில் உட்கார்ந்து, மீன்காரப் பெண்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஓய்வு பெற்ற அதிகாரிகளின் பெயர்களைப் போட்டேன். கூடை இருந்த இடத்தில் ஆட்டம். ஓட்டிப் பார்த்தேன், ஓடியது. அந்த நிபந்தனை என்ன செய்கிறதென்று புரிந்தது. ஆனால் அதை எடுத்தால் மற்ற வரிகள் இடம் மாறிச் சிவப்பு எழுத்து வந்தது. எடுக்கத் தெரியாமல் அப்படியே விட்டேன்.

காட்டும் நாளில் மூத்தவர் என்று என்னைத்தான் முதலில் அழைத்தார்கள். ஆசிரியர் வரி வரியாகப் பார்த்துவிட்டு, பேட்மிண்டனில் துக்கம் எங்கே சார் வந்தது என்றார். அரசு ஆய்வுக்குழுக்களைச் சமாளித்த வாய் சும்மா இருக்குமா? எங்கள் குடியிருப்பில் எல்லோரும் வயதானவர்கள், இது அடிக்கடி தேவைப்படும், துக்கம் முடிந்து வருகிறவருக்கு முதல் ஆட்டத்தை விட்டுக்கொடுப்பது ஒரு மரியாதை என்றேன். வகுப்பே சிரித்தது. மனிதநேயமான சிந்தனை என்று ஆசிரியர் கைதட்டினார். எங்கள் குடியிருப்பில் செத்தவன் எழுந்து வந்தாலும் முதல் ஆட்டம் கொடுக்க மாட்டோம் என்பது எனக்குத் தெரியும்.

அவள் மட்டும் சிரிக்கவில்லை.

அவள் முறை வந்தது. பெயர்களைத் தவிர எல்லாம் அதேதான். சாரைப் பார்த்து எழுதினீர்களா என்று ஆசிரியர் மெதுவாகக் கேட்டார். இல்லை, தேதியைப் பாருங்கள் என்றாள். பார்த்தார். என்னுடையதைவிட அவளுடையதில்தான் பிந்திய தேதி.

"காலைல ஒரு பேரு சேத்து சேவ் பண்ணேன் சார். அதான் இன்னிக்கித் தேதி காட்டுது."

உண்மை அதுதான். ஆசிரியர் தலையாட்டினார், நம்பாதவர்கள் ஆட்டுவதுபோல. அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க அங்கிள்."

நான் கீபோர்டின் மேலிருந்த தூளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வேலை ஒரு பையனுக்குப் போயிற்று. அது மட்டுமல்ல. அதே வகுப்பில் படித்த குப்பத்துப் பெண் ஒருத்தி மூலம் செய்தி கடற்கரைக்கும் போய்விட்டது. யாரோ ஆபீசர் எழுதியதைத்தான் இவள் தன்னுடையது என்றாள், நம் முறையைப் பற்றி அந்த ஆளுக்கு என்ன தெரியும், அவன் கணக்கை எப்படி நம்புவது என்று பெண்கள் அவள் சொல்வதைக் கேட்பதை விட்டார்கள். கடைசிக் கூடை பழையபடி கூச்சலுக்கு வந்தது. என் புரோகிராமையோ எங்கள் குடியிருப்பில் யாரும் சட்டை செய்யவில்லை.

எனக்குத் தூக்கம் கெட்டதென்று சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் தூங்கினேன். எங்கள் குடியிருப்பில் ஒருவர் மனைவி இறந்து, சடங்கெல்லாம் முடிந்தபின் ஒருநாள் மட்டையோடு கோர்ட்டுக்கு வந்தார். அன்றைக்கு முதல் ஆட்டத்தைச் சண்டை போட்டு நான் பிடித்திருந்தேன். நான் விளையாடி முடிக்கும்வரை அவர் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்கு வந்ததும்தான் அந்த நிபந்தனை ஞாபகம் வந்தது. அது புரோகிராமில் எதற்காக இருந்ததென்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

முதலில் சுலபமான வழியைப் பார்த்தேன். தெரிந்தவரிடம் சொல்லி திருப்போரூர்ப் பக்கம் வேறு வேலை வாங்கித் தருகிறேன் என்று அவளுக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். "வேணாம் சார்" என்று பதில் வந்தது. 'அங்கிள்' போய்விட்டது. நேரில் போனேன்.

மாமியார் வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். "இவருதானா அது?" என்று மருமகளைக் கேட்டாரே தவிர, உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"எங்கிட்ட கேட்டு இன்னா சார் ஆவப்போவுது? நான்தான் எழுதுனேன்னு எனக்கே தெரியும். காலைல வண்டி நிக்கிற எடத்துக்கு வந்து அவங்ககிட்ட சொல்லுங்க" என்றாள்.

மறுநாள் விடியலில் போனேன். ஐஸும் மீனும் நிரம்பிய கூடைகளுக்கு நடுவே, பெண்கள் இடுப்பில் கைவைத்துச் சுற்றி நின்றார்கள். பிரிவுபசார விழாவில் பேசுவதுபோல ஆரம்பித்தேன். "வண்டிக்கு நேரமாவுது பெர்சு, சீக்கிரம் சொல்லு" என்றார் ஒருவர். புரோகிராம் இவள் எழுதியது, நான் திருடினேன், கேட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று முடித்தேன்.

பின்னாலிருந்து ஒரு கிழவி கேட்டார்: "அந்தச் சாவு கணக்கையும் சேத்தா திருடுன?"

ஆமாம் என்றேன்.

"தூ" என்றார். எச்சில் என் மேல் படவில்லை.

அதற்குள் இன்னொருத்தி அவளிடம் திரும்பிவிட்டாள். "அப்ப நீதான் எழுதினியா? போன வாரம் கூச்சல்ல என் முற போச்சே, அதுக்கு இன்னா சொல்ற? செல்போன எடுத்துப் பாரு." சண்டை அவளோடு ஆரம்பமானது. ஆளுக்கு ஒரு பக்கம் இழுக்க, அவள் செல்போனை எடுத்து உரத்த குரலில் பதில் சொன்னாள். நான் அங்கே நிற்பதை யாரும் அதன்பின் கவனிக்கவில்லை.

அன்றைக்கே ஆசிரியரிடமும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை; சான்றிதழைத் திருப்பிக் கேட்டார். அதை நான் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன், சட்டத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். ஆனால் வேலையில் ஆள் இருந்தது. அந்தப் பையன் சென்னையில் வேறு வேலைக்குப் போனபின் அவளைக் கூப்பிட்டார்கள். உடனே ஒப்புக்கொள்ளவில்லையாம். அன்றைக்குச் சந்தேகப்பட்டதை வகுப்பின் முன்னாலேயே திரும்பப் பெற வேண்டும் என்றாளாம். ஆசிரியர் பெற்றார்.

நான் அடுத்த வகுப்பில் மறுபடியும் முதலிலிருந்து சேர்ந்தேன். பணம் கட்டினால் தடையில்லை என்றார்கள். லேபில் இப்போது அவள்தான். என்னைத் தனிக் கம்ப்யூட்டரில், சுவரைப் பார்த்து உட்கார வைத்திருக்கிறாள். பிழையைத் தவிர என்னிடம் வேறு எதுவும் பேசுவதில்லை. தண்ணீர்ப் பாட்டில் நீள்வதில்லை.

மறுபடியும் பேட்மிண்டனைத்தான் எழுதுகிறேன். போன வாரம் அவள் என் பின்னால் நின்று பார்த்தாள். மூன்று பெயர் வரை முறை சரியாகச் சுற்றியது, நான்காவதில் நின்றுவிட்டது.

"இதுல சாவு கணக்கு இல்லியா சார்?"

இன்னும் அதை எழுத வரவில்லை என்றேன்.

"எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டாள்.