ஒன்றாம் வகுப்புக்கு நான் போட்ட பாடத்திட்டம்

ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்று காகிதத்தில் எழுதுவது சுலபம். அந்தக் காகிதத்தோடு அந்தப் பிள்ளையின் முன்னால் போய் நிற்பதுதான் தொழில். நின்று பார்த்த சக ஆசிரியர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் கதையும் இதுவாகத்தான் இருக்கும்.

சமயநல்லூர்ப் பக்கம் ஒரு மிஷன் தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியை. ஒரு பயிற்சி முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து எனக்கு வாய் கூடிவிட்டது. ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போதுகூட 'குழந்தை மையக் கல்வி' என்று ஆரம்பித்துவிடுவேன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போன எங்கள் தலைமையாசிரியை சிஸ்டர் ஒருநாள், "அப்ப ஒன்னாம் வகுப்புக்கு என்ன பாடம், எப்படி நடத்தணும்னு இனிமே நீங்களே திட்டம் போடுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும் வழியில் இனிப்பு வாங்கினேன்.

புதன்கிழமை மகிழ்ச்சி

நான் செய்த முதல் சீர்திருத்தம், புதன்கிழமை டைம்டேபிளில் 'மகிழ்ச்சி' என்று ஒரு பீரியடை நுழைத்ததுதான். பாட்டு, கதை, களிமண் பொம்மை எல்லாம் அதில் அடக்கம். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எந்த வாரம் எதற்காக மகிழ வேண்டும், மகிழ்ந்ததால் பிள்ளைகள் அடைந்த திறன் என்ன என்றெல்லாம் பத்தி பிரித்து எழுதி ஸ்டெல்லா டீச்சர் கையில் கொடுத்தேன். ஒன்றாம் வகுப்பு அவருடையது. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்.

சில வாரம் கழித்து ஒரு புதன்கிழமை அந்த வகுப்பைக் கடந்து போனேன். பிள்ளைகள் வாயில் விரலை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். ஸ்டெல்லா டீச்சர் வியர்க்க வியர்க்கப் போர்டில் எழுதிக்கொண்டிருந்தார். "என்ன டீச்சர், இது மகிழ்ச்சி பீரியட் இல்லையா?" என்றேன். சாக்பீஸைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்: "மகிழ்ச்சியில போர்ஷன் ரொம்பப் பின்தங்கிருச்சு டீச்சர். விளையாட்டு பீரியடையும் குடுத்தீங்கன்னா இந்த மாசத்துக்குள்ள எப்படியாச்சும் முடிச்சிருவேன்."

பல் தெரிகிற சிரிப்பு

சின்னப் பிள்ளைக்கு மார்க் எதற்கு, ரேங்க் எதற்கு என்று அடுத்து கிளம்பினேன். ரிப்போர்ட் கார்டில் எண்களை எடுத்துவிட்டுச் சிரித்த முகங்களை வரைய வைத்தேன். இனிமேல் எந்தப் பிள்ளையையும் எந்தப் பிள்ளையோடும் யாரும் ஒப்பிட முடியாது என்று பெற்றோர் கூட்டத்தில் மைக் பிடித்து அறிவித்தேன். கைதட்டல் பலமாக இருந்தது.

மறுநாள் காலை காளவாசல் சிக்னலில் ஸ்கூட்டியோடு நிற்கிறேன். பக்கத்தில் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டியவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். எங்கள் பள்ளிப் பிள்ளையின் அப்பா. பச்சை விழுவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு. பஸ்காரர், ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி கேட்டார்: "டீச்சர், பக்கத்து வீட்டுப் பிள்ளை கார்டுல மூஞ்சி பல்லு தெரியச் சிரிக்குது, எம்மக கார்டுல வாய மூடிக்கிட்டுச் சிரிக்குது. எம்புட்டு மார்க் கம்மி?"

காளை என்ன செய்யும்?

பாடம் பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும் என்று முகாமில் சொல்லியிருந்தார்கள். எங்களிடம் அலங்காநல்லூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய. ஆகவே மாட்டைப் பற்றி ஒரு ஒர்க்‌ஷீட் தயாரித்தேன். 'பசு பால் தரும். காளை ______.' வண்டி இழுக்கும் என்பது என் விடை. முகிலன் என்ற பையன் 'காளை பிடிபடாது' என்று எழுதியிருந்தான். எழுத்துப் பிழைகூட இல்லை. நான் சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டு, பக்கத்திலேயே சரியான விடையை எழுதி, வீட்டில் பத்துத் தடவை எழுதி வரச் சொன்னேன்.

மறுநாள் அவன் அப்பா வந்தார். துணைக்கு மைத்துனரையும் அழைத்து வந்திருந்தார். இரண்டு பேரும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்து நின்றது எனக்குக் கலக்கமாக இருந்தது. சண்டை போடுகிறவர்கள் அவ்வளவு மரியாதையாக வரமாட்டார்கள்; இது அதைவிடப் பெரிய விஷயமாக இருக்க வேண்டும். "மாப்ள, டீச்சருக்கு போட்டோவக் காட்டு" என்றார். செல்போனில் ஒரு காளை. கொம்பும் திமிலுமாக அது என்னைப் பார்த்த பார்வையில், அதை வண்டியில் பூட்டும் துணிச்சல் எனக்கு அந்தத் திரையில்கூட வரவில்லை. "நான் மாத்திடுறேங்க" என்றேன். அவருக்கு அது போதவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "எங்க காளை வண்டி இழுக்கும்னு எம்மகன் பத்துத் தடவ எழுதி, அத நீங்க சரின்னு டிக் அடிச்சு, ஊருக்குள்ள தெரிஞ்சுச்சுன்னா, தை மாசம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு டீச்சர் வாடிவாசலுக்குப் போவேன்?"

சாருமதி

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பின்தங்கிய பிள்ளைகளுக்கென்று ஒரு தனி வகுப்பு. அதுவும் என் திட்டம்தான், நடத்துவதும் நான்தான். அதில் வந்து உட்கார்ந்தவள் சாருமதி. காளவாசலில் ஜவுளிக்கடை வைத்திருப்பவரின் மகள். வீட்டில் சௌராஷ்டிரா பேசுவார்கள். பள்ளி திறந்ததிலிருந்து அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நான் படத்தைக் காட்டி, "இது என்ன?" என்பேன். படத்தைப் பார்ப்பாள், பிறகு என்னைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அவளுடைய அம்மாவை வரவழைத்து, முகாமில் படித்தவள் என்ற தோரணையில், "வீட்டுலயும் தமிழே பேசுங்க, தன்னால சரியாயிரும்" என்றேன். அந்தம்மா தலையாட்டிவிட்டுப் போனார்.

தீபாவளி லீவு முடிந்ததும் மறுபடி வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "வீட்டுல அவளுக்கு வாயாடின்னுதான் டீச்சர் பேரு. நீங்க சொன்னீங்களேன்னு எல்லாரும் தமிழே பேசுனோம். இப்ப வீட்டுலயும் பேச மாட்டேங்கிறா" என்றார். வாயாடியாக இருந்த ஒரு பிள்ளையை ஊமையாக்க நான் திட்டம் போட்டு வேலை பார்த்திருக்கிறேன். அன்றே சிஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவ தமிழுக்கு வர்ற வரைக்கும் நீங்க கொஞ்சம் அவ பக்கம் போங்களேன்" என்றார்.

அந்தம்மாவிடம், வீட்டில் உங்கள் பேச்சையே பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். மதியம் கடையில் கூட்டம் இல்லாத நாட்களில் வகுப்புக்கும் வந்து உட்காரச் சொன்னேன். வந்தார். நான் படத்தைக் காட்டுவேன். அவர் சௌராஷ்டிராவில் பேர் சொல்வார். சாருமதி முதலில் அம்மாவின் சேலைக்குள்ளிருந்து முணுமுணுத்தாள், பிறகு வெளியே வந்து சொன்னாள். அடுத்து நான் சொல்ல வேண்டும், அதன்பிறகு எல்லாருமாகத் தமிழில் சொல்ல வேண்டும். என் முறை வரும்போதுதான் வகுப்பு களைகட்டும். என் நாக்கு வளையவே இல்லை. ஒருநாள் பூனையைச் சொல்கிறேன் என்று நான் ஏதோ சொல்லிவைக்க, அவளுடைய அம்மாவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். சாருமதி சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள், எல்லாரையும் ஒரு முறை முறைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் தன் முதல் தமிழ் வாக்கியத்தைக் கணீரென்று சொன்னாள்: "சிரிக்காதீங்கடா! மிஸ்ஸுக்கு மெதுவாத்தான் வரும்."

இந்த வருஷமும் ஒன்றாம் வகுப்புக்குத் திட்டம் போடும் பொறுப்பு என்னிடமேதான் இருக்கிறது. பாஸாகாத ஆளை அடுத்த வகுப்புக்கு அனுப்புவதில்லை என்று சிஸ்டர் முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது.